கல்யாண மண்டபத்தில் ஓர் ஒப்பாரி



கோபத்தோடு எழுதக் கூடாது, ஆறவிட்டு எழுத வேண்டும் என்று ஒரு கொள்கை வைத்திருக்கிறேன். மூன்று வாரம் ஆறவிட்டுப் பார்த்தேன். ஆறவில்லை. ரத்த அழுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

சென்ற மாதம் ராமநாதபுரத்தில் உறவினர் வீட்டுக் கல்யாணம். முதல் நாள் மாலை வரவேற்பு. இரண்டு ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர் பெட்டிகள். சாப்பிட்டு முடித்து நானும் இன்னும் மூன்று கிழங்களும் ஒலிக்குப் பயந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தோம். மாப்பிள்ளையின் நண்பர்கள் மேடைக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஏழெட்டு சினிமாப் பாட்டு ஓடியது. பிறகு தவில் மாதிரியும் இல்லாமல் பறை மாதிரியும் இல்லாமல், கம்ப்யூட்டரில் செய்த ஓர் அடி கிளம்பியது. அதன் மேல் ஒரு பெண் குரல்.

எனக்குக் கை நடுங்கிவிட்டது. அது எனக்குத் தெரிந்த குரல். பாட்டும் தெரிந்த பாட்டு. ஒரு தங்கை, புயலில் போன தன் அண்ணனுக்கு வைத்த ஒப்பாரி அது.

கல்யாண மண்டபத்தில் ஒப்பாரி! பக்கத்தில் இருந்த அக்காவுக்கும் வார்த்தை பிடிபட்டுவிட்டது. "என்னடா இது, சுப காரியத்துல?" என்று வாயில் கை வைத்துக்கொண்டார். ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு எதுவும் தெரியாது. அவர்கள் மேல் எனக்குத் துளியும் வருத்தமில்லை. என் பேரனைக் கூப்பிட்டு, இது என்ன பாட்டு என்று கேட்டேன். செல்போனில் தேடிக் காட்டினான். பழைய கிராமியப் பாடல்களைப் புது மெருகோடு மறுபடி வெளியிட்டிருக்கும் ஒரு தொகுப்பாம். மூக்குத்தி போட்ட ஒரு பெண்ணின் ஓவியம். இசை மெருகு செய்த இரண்டு பேரின் பெயர் இருந்தது. வெளியிட்ட கம்பெனியின் பெயர் இருந்தது. பாடியவர் என்ற இடத்தில் ஒரே ஒரு சொல்: 'ட்ரெடிஷனல்'. பாரம்பரியம்!

இந்தப் பதிவு அந்த ஒரு சொல்லைப் பற்றியது.

பாடியவர் பாரம்பரியம் அல்ல. அவர் ஒரு மனுஷி. மண்டபம் பக்கம் நான் ஆசிரியராக இருந்த ஒரு கடற்கரைக் கிராமத்தில் குடியிருந்தவர். சொந்த ஊர் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு அடித்த புயலைப் பற்றி உங்களில் பலருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ரயிலோடு ஜனங்கள் கடலுக்குள் போன இரவு. அந்த ஊரே மனிதர் குடியிருக்கத் தகுதியில்லாதது என்று அரசாங்கம் அறிவித்துவிட்டது. இவர் பிழைத்து வந்தார். அண்ணன் வரவில்லை. உடல் கிடைக்கவில்லை. உடல் இல்லாததால் எடுப்பும் இல்லை, காரியமும் சரியாக நடக்கவில்லை. வருஷா வருஷம் அந்தத் தேதியில் கடற்கரையில் உட்கார்ந்து அவர் பாடிய ஒப்பாரிதான் அந்த அண்ணனுக்கு நடந்த சடங்கு. கடைசியில் தனுஷ்கோடியின் பெயரைச் சொல்லித்தான் முடிப்பார்.

கணவர் கரைவலை இழுப்பவர். இவர் கருவாட்டுக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு உள்நாட்டுக் கிராமங்களுக்குப் போவார். கருவாட்டைக் கொடுத்துவிட்டு நெல்லையும் மிளகாயையும் வாங்கி வருவார். கூடவே நடவுப் பாட்டு, கும்மி, தாலாட்டு என்று பாட்டுகளும் வாங்கி வருவார். கடற்கரைக்குத் திரும்பினால் ஆண்கள் வலை இழுக்கும்போது போடும் அம்பாப் பாட்டை வேறு திருப்பிப் பாடிக் கேலி செய்வார். அந்தக் கிராமத்தில் அவர் ஒருவரிடம் மட்டும் ஒரு நூலகம் இருந்தது.

1980-களில் கேசட் வியாபாரம் பெருகிய கதை உங்களுக்குத் தெரியும். டீக்கடை தோறும் டேப் ரெக்கார்டர். சினிமாப் பாட்டுக்கும் பக்திப் பாட்டுக்கும் அடுத்தபடியாகத் தெம்மாங்குக் கேசட் விற்றது. அப்படி ஒரு கம்பெனி 1988-இல் ஆள் அனுப்பி அவரை மதுரைக்குக் கூட்டிப்போய் ஆறு பாட்டு பதிவு செய்தது. "சோகமா ஒண்ணு பாடுங்கம்மா" என்று கேட்டார்களாம். வேறு சோகம் அவரிடம் இல்லை. அண்ணன் ஒப்பாரியைப் பாடிவிட்டார்.

ஒரு மாதம் கழித்து மணியார்டர் வந்தது. 300 ரூபாய். அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. கைநாட்டு வைத்தால் சாட்சி வேண்டும். தபால்காரர் பள்ளிக்கூடத்துக்கே அழைத்து வந்துவிட்டார். "சார், ஒரு சாட்சிக் கையெழுத்து."

"வாத்தியாரய்யா, அதுல என்னமோ எழுதியிருக்காமே, வாசிங்க" என்றார் அந்த அம்மா. கூப்பனில் இருந்ததை வாசித்தேன்: பாடல் பதிவுக்கான முழுத் தொகை. "முழுசுமா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். ஒரு மாதம் கருவாடு விற்றாலும் மிஞ்சாத பணம் அது. எனக்கும் சந்தோஷம்தான். பெருமையாகக் கையெழுத்துப் போட்டேன்.

ஆம் நண்பர்களே, அந்தக் காகிதத்தில் சாட்சி நான். 'முழுத் தொகை' என்ற சொல்லுக்கு என் பேனா மையும் துணை போயிருக்கிறது.

கேசட் வந்தபோது அவருக்கு ஒரு பிரதிகூடத் தரவில்லை. பஸ் ஸ்டாண்டு கடையில் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு என் வீட்டு டேப் ரெக்கார்டரில் கேட்க வந்தார். அட்டையில் இடுப்பில் குடம் வைத்த ஒரு பெண், சினிமாக்காரி மாதிரி. இசையமைத்தவர் பெயர், ஒலிப்பதிவுக்கூடத்தின் பெயர், உரிமையாளர் பெயர் எல்லாம் இருந்தன. இவர் பெயருக்குப் பதில் 'குழுவினர்'. தாலாட்டையும் கும்மியையும் கேட்டுச் சிரித்தவர், ஒப்பாரி வந்ததும் எழுந்து திண்ணைக்குப் போய்விட்டார். நான் நிறுத்தவா என்று கேட்டேன். "ஓடட்டும், அண்ணன் கேக்கட்டும்" என்றார்.

அவர் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. 'குழுவினர்' என்ற சொல்லிலாவது ஆட்கள் இருந்தார்கள். 'பாரம்பரியம்' என்ற சொல்லில் ஆளே இல்லை. அது மட்டுமா? புது மெருகில் ஒப்பாரியின் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டார்கள். பாட்டு மூன்றரை நிமிஷத்துக்குள் அடங்க வேண்டுமாம். தனுஷ்கோடி இரண்டாவது முறையும் போனது.

நான் விடவில்லை. பேரனை வைத்துக் கம்பெனியின் தொலைபேசி எண்ணைக் கண்டுபிடித்துப் பேசினேன். பழைய கம்பெனியிடமிருந்து மொத்தமாக ஒலிநாடாக்களை வாங்கிய புதுக் கம்பெனி இது. பேசிய பையன் மிகவும் மரியாதையாகப் பேசினான். "சார், இது ட்ரெடிஷனல் சாங். யாருக்கும் ரைட்ஸ் கிடையாது சார்." எனக்குப் பதில் சொல்லத் தோன்றவில்லை. வைத்துவிட்டேன். பதில் இப்போது சொல்கிறேன்.

முதல் வாதம்: நாட்டுப்பாட்டு ஊர்ச் சொத்து, அதற்குச் சொந்தக்காரர் இல்லை. சரி, பாட்டு ஊருடையது. ஆனால் குரல்? அந்தத் தொண்டை ஒரு ஆளுடையது. நமக்குத் தெரிந்த கணக்கில் சொல்கிறேன். கடல் எல்லாருக்கும் பொது. அதற்காகக் கரைவலையில் வந்த மீன் யாருக்கும் சொந்தமில்லை என்று யாராவது கூடையில் அள்ளிப் போனால் நம் கடற்கரையில் விடுவார்களா? வலைக்காரருக்குப் பங்கு, இழுத்தவர்களுக்குப் பங்கு. கயிற்றில் கை வைத்த சின்னப் பையனுக்குக்கூட நாலு மீன் உண்டு. பாட்டு விஷயத்தில் மட்டும் வலைக்காரர் மொத்தத்தையும் எடுத்துக்கொண்டு, கடல் பொது என்று நமக்கே பாடம் நடத்துகிறார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பாட்டு பொது என்று சொல்லும் அதே கம்பெனி, நான் அந்தப் பாட்டை எடுத்து என் பக்கத்தில் போட்டால் உரிமை மீறல் என்று நோட்டீஸ் அனுப்பும். பாடியவருக்கு வரும்போது பொது, தனக்கு வரும்போது சொத்து. இந்தக் கணக்கு எந்த ஊர்க் கணக்கு?

இரண்டாவது வாதம்: பெயர் தெரியவில்லை. நா. வானமாமலை அவர்கள் 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' தொகுப்பைக் கொண்டுவந்தது 1960-களில். பாட்டுக்குக் கீழே உதவியவர், சேகரித்தவர், இடம் என்று போட்டிருப்பதை இன்றும் பார்க்கலாம். கையில் டேப் ரெக்கார்டர்கூட இல்லாமல் நோட்டுப் புத்தகத்தோடு கிராமம் கிராமமாக அலைந்தவர்கள் அவருக்குச் சேகரித்துக் கொடுத்தார்கள். அவர்களால் முடிந்த அந்த இரண்டு மூன்று வரி, இத்தனை கம்ப்யூட்டர் வைத்திருக்கும் கம்பெனிக்கு முடியவில்லையா? இந்த அம்மா விஷயத்தில் பெயர் தெரியாது என்பது பச்சைப் பொய். மணியார்டர் அனுப்பியபோது பெயர், வீட்டு விலாசம், தபால் நிலையம் எல்லாம் எழுதித்தானே அனுப்பினார்கள்? 300 ரூபாய் கொடுத்துக் கணக்கை முடிக்கும்போது தெரிந்த பெயர், அட்டை அச்சடிக்கும்போது மறந்துபோனது. கம்பெனி கைமாறியபோது நாடாவை விற்றார்கள், பெயரை வழியில் போட்டுவிட்டார்கள்.

மூன்றாவது வாதம்தான் என்னையும் கொஞ்சம் யோசிக்க வைத்தது. கம்பெனிக்காரர்கள் இல்லாவிட்டால் அந்தக் குரலே மிஞ்சியிருக்காது. உண்மை. அந்த நன்றி எனக்கு உண்டு. அந்த வயது அம்மாக்கள் எத்தனையோ பேர் பாடிவிட்டு, காற்றோடு போய்விட்டார்கள். யாரும் பதிவு செய்யவில்லை. கேசட்காரர்கள்தான் செய்தார்கள். ஆனால் காப்பாற்றியதற்கு நன்றி என்பது வேறு, காப்பாற்றியவனே பெயரை அழித்துக்கொள்ளலாம் என்பது வேறு. கிணற்றில் விழுந்த பிள்ளையைத் தூக்கியவர் அதற்காகப் பிள்ளையின் இனிஷியலை மாற்றிவிட முடியாது.

வெளிநாட்டில் மட்டும் ஒழுங்கா என்று கேட்பீர்கள். அங்கும் ஏமாற்று உண்டு. ஆனால் ஒழுங்காக நடந்த ஒரு கதையைச் சொல்கிறேன். 1959-இல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், பார்ச்மன் சிறைப் பண்ணையில், ஆலன் லோமாக்ஸ் என்ற நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் கைதிகள் விறகு வெட்டிக்கொண்டே பாடிய பாட்டைப் பதிவு செய்தார். முன்பாட்டுப் பாடிய கறுப்பினக் கைதியின் பெயரை ஜேம்ஸ் கார்ட்டர் என்று குறித்துக்கொண்டார். நாற்பது வருஷம் கழித்து, 2000-இல் வந்த 'ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ?' என்ற சினிமாவில் அந்தப் பதிவை அப்படியே சேர்த்தார்கள். அந்தப் படத்தின் பாட்டுத் தொகுப்பு லட்சக்கணக்கில் விற்றது. உடனே லோமாக்ஸின் ஆவணக் காப்பகத்துக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அந்த ஜேம்ஸ் கார்ட்டர் எங்கே என்று தேடத் தொடங்கினார்கள். சிகாகோவில் முதியவராக இருந்தார். தான் அப்படி ஒரு பாட்டுப் பாடியதே அவருக்கு நினைவில்லை. 20,000 டாலர் காசோலையைக் கையில் கொடுத்து, 2002 கிராமி விழாவுக்குக் குடும்பத்தோடு அழைத்துப் போனார்கள். அந்தத் தொகுப்புக்கு அந்த வருஷத்தின் சிறந்த ஆல்பம் என்ற பரிசு கிடைத்தது. கவனியுங்கள், அந்தப் பாட்டும் பாரம்பரியப் பாட்டுதான். அதற்கும் இயற்றியவர் யாரென்று தெரியாது.

ஊர்ப் பெயரை வெட்டினால் என்ன குடி முழுகிவிட்டது என்று நினைப்பவர்களுக்கு இன்னொரு கதை. மிசிசிப்பி ஜான் ஹர்ட் என்ற பாடகர் 1928-இல் சில இசைத்தட்டுகள் பாடிவிட்டு, அவை விற்காததால் விவசாய வேலைக்கே திரும்பிவிட்டார். அவருடைய இரண்டு பாட்டுகள் 1952-இல் ஒரு தொகுப்பில் மறுபடி வெளிவந்தன. இளைஞர்கள் கேட்டு மயங்கினார்கள். ஆள் உயிரோடு இருக்கிறாரா என்றுகூடத் தெரியாது. அவர் பாடிய வேறொரு பாட்டில் அவலான் என்று தன் ஊர்ப் பெயரைச் சொல்லியிருந்தார். 1963-இல் ஒரு ரசிகர் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அந்தக் குக்கிராமத்துக்குப் போனார். கிழவர் அங்கேயே இருந்தார். அதே வருஷம் நியூபோர்ட் விழாவில் ஆயிரக்கணக்கானோர் முன்னால் பாடினார். பாட்டுக்குள் இருந்த ஊர்ப் பெயர்தான் அவருக்கு விலாசம். நம்மவர்கள் மூன்றரை நிமிஷக் கணக்குக்காக வெட்டி எறிந்ததும் அப்படி ஒரு விலாசம்தான்.

ஏன் மிசிசிப்பி வரை போக வேண்டும்? நம் பக்கத்தையே பாருங்கள். கொல்லங்குடி கருப்பாயி. பரவை முனியம்மா. தேனி குஞ்சரம்மாள். ஊரும் பேரும் சேர்ந்தால்தான் நாட்டுப் பாடகர். 1985-இல் 'ஆண்பாவம்' படத்துக்குப் பிறகு கொல்லங்குடி எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்களும் அந்தப் பெயரைச் சொன்னார்கள். அந்த வருஷம் வரை கொல்லங்குடியும் நம் பழைய ராமநாதபுரம் மாவட்டம்தான். இளையான்குடிப் பக்கம் மாரந்தையில் பிறந்த கே.ஏ. குணசேகரன் 'மனுசங்கடா' பாடியபோது, எழுதியவர் கீழக்கரைக்காரரான இன்குலாப் என்று கேட்டவர்களுக்குத் தெரிந்தது. பாடியவர் பெயரும் நின்றது, எழுதியவர் பெயரும் நின்றது. யாருக்கு என்ன நஷ்டம் வந்தது?

பெயர் அழிவது யாருக்கு என்றும் பார்க்க வேண்டும். கர்நாடகக் கச்சேரியின் பழைய பதிவை மறுபடி வெளியிடும்போது வயலின், மிருதங்கம், கடம், தம்புரா வரை பெயர் போடுகிறார்கள். போட வேண்டியதுதான். வயலில் நட்டவள், வலை இழுத்தவன், எழவு வீட்டில் பாடியவள் என்று வந்தால் மட்டும் 'பாரம்பரியம்'. அவர்கள் பெரும்பாலும் என்ன சாதி, என்ன வர்க்கம் என்று உங்களுக்குத் தெரியும். இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

பிரபலமானவர்களுக்கே இந்தக் காலத்தில் சண்டை போட்டுத்தான் பெயர் கிடைக்கிறது. 2021-இல் வந்த 'என்ஜாய் எஞ்சாமி' பாட்டை நானும் ரசித்துக் கேட்டேன். பேரன்தான் காட்டினான். பாட்டனும் பூட்டனும் காப்பாற்றிய மண்ணைப் பற்றிய பாட்டு. எழுதிப் பாடிய அறிவு, தன் பாட்டி வள்ளியம்மாளை உலகத்துக்கே அறிமுகம் செய்தார். அதே பாட்டுக்காக ஓர் இசைப் பத்திரிகையின் அட்டையில் அவர் படம் இல்லை என்று சர்ச்சை வந்தது. அடுத்த வருஷம் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவர் இல்லாமல் அந்தப் பாட்டு பாடப்பட்டது. 2024-இல் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு வருமானமே வரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். கோடிக்கணக்கானோர் கேட்ட பாட்டுக்கே இந்த நிலை என்றால், கருவாட்டுக் கூடைக்காரிக்கு யார் இருக்கிறார்கள்?

சட்டம் ஒன்றும் சொல்லவில்லையா? சொல்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தில் 1994 திருத்தம் பாடுபவருக்குத் தனி உரிமை கொடுத்தது. 2012 திருத்தம் இன்னும் ஒரு படி மேலே போய், வணிகப் பயன்பாட்டில் பாடுபவருக்கு ராயல்டி உண்டு என்றது. உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டாலும் பாடியவர் இவர் என்று பெயர் சொல்லப்படும் உரிமை அவருக்கு உண்டு என்றும் சொன்னது. 1988 கேசட்டுக்கு இவை எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பது வக்கீல்கள் வாதாட வேண்டிய விஷயம். பெயர் போட நீதிமன்ற உத்தரவு எதற்கு? மனசு போதாதா?

கல்யாணம் முடிந்த மறுவாரம் அந்த அம்மாவின் மகளைப் பார்க்கப் போனேன். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்த பெண். இப்போது அவளுக்கே பேரப்பிள்ளைகள். அந்தப் பாட்டை அவளும் கேட்டிருக்கிறாள். பஸ்ஸில் யாரோ செல்போனில் ரீல்ஸ் பார்த்துக்கொண்டு வந்தபோது கேட்டாளாம். "எறங்கிட்டேன் சார். ரெண்டு ஸ்டாப்பு நடந்தே வந்தேன்" என்றாள்.

"நான் எழுதப்போகிறேன். அம்மா பேரைப் பெரிய எழுத்தில் போடுகிறேன்" என்றேன்.

"வேணாம் சார்" என்றாள். "நீங்க போட்டா அது உங்க கதையா போயிரும். நாலு பேரு ஐயோ பாவம்னு சொல்லிட்டுப் போயிருவாக. எங்க அம்மா பேரு பாட்டுக்குக் கீழ வரணும். அவுகளப் போடச் சொல்லுங்க. போட்டதுக்குப் பொறவு நீங்க எழுதுங்க."

அவள் சொன்னது சரி. அதனால்தான் பெயர் போடவில்லை என்று இவ்வளவு நேரம் சண்டை போட்ட இந்தப் பதிவிலும் அந்தப் பெயர் இல்லை. மன்னிக்கவும்.

கம்பெனிக்குப் பெயர், ஊர், பதிவான வருஷம், ஒப்பாரி யாருக்காக என்ற விவரம் எல்லாவற்றையும் எழுதித் தபாலில் அனுப்பியிருக்கிறேன். மூன்று கோரிக்கை. பாடியவர் பெயரைப் போடுங்கள். வெட்டிய பகுதியைச் சேருங்கள். மகளுக்கு ஒரு நியாயமான தொகை கொடுங்கள். அந்த அடியையும் எடுத்துவிட்டால் நல்லது என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். பெற்றுக்கொண்ட அத்தாட்சி வந்தது. பதில் வரவில்லை. மாதம் ஒரு கடிதம் என்று முடிவு செய்திருக்கிறேன். பென்ஷன்காரனுக்கு வேறென்ன வேலை?

உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் பழைய கேசட்டுகள் கிடக்கும். கல்யாணத்தில், எழவில், முளைப்பாரியில், ஊர்க் கொடையில் பதிவு செய்தது இருக்கும். எடுத்துத் தூசி தட்டுங்கள். நாடா தளர்ந்திருந்தால் பென்சிலை விட்டுச் சுற்றுங்கள், அந்த வித்தை நம் தலைமுறைக்கு மறக்காது. ஓடவிட்டுக் கேளுங்கள். பாடியது யார், எந்த ஊர், என்ன வேலையின்போது பாடியது என்று மூன்று வரி ஒரு தாளில் எழுதி உறைக்குள் செருகுங்கள். குரலை அடையாளம் சொல்ல நாம்தான் மிச்சம். நமக்குப் பிறகு கேட்பவர்களுக்கு எல்லாக் குரலும் பாரம்பரியம்தான்.

நானும் என் பெட்டியைத் திறந்திருக்கிறேன். மொத்தம் முப்பத்தேழு கேசட். இதுவரை பதினொன்றுக்குப் பெயர் எழுதியாயிற்று. நாலு குரல் யாருடையது என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. வரும் வாரம் அவற்றை எடுத்துக்கொண்டு அந்தக் கிராமத்துக்கே போகிறேன். கேட்டால் சொல்வதற்கு இன்னும் இரண்டு கிழவிகள் இருக்கிறார்கள்.